கொழும்புக்குச் சூறாவளி வரும் வழி

மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு வரவேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பிளாட், வத்தளையில் ஒரு தனி வீடு, கொலன்னாவையில் குறைந்த வாடகைக்கு இன்னொன்று என்று மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறார். அம்மா 78 சூறாவளியில் கூரை பறந்த வீட்டில் இருந்தவ. 2025 நவம்பர் டித்வா சூறாவளிக்குப் பிறகு, "கொழும்பும் கடற்கரைதானே, அங்கயும் அடிச்சா எங்க ஓடுறது" என்று நிற்கிறாவாம். அமெரிக்கப் பக்கம் வருகிற ஹரிக்கேன் மாதிரி ஒன்று கொழும்புக்கு நேராக வருமா, மூன்று வீட்டில் எது, என்ன ஆயத்தம் செய்யவேண்டும், இனி வருவது இன்னும் மோசமாகுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவ பயப்படுவது காற்றுக்கு. கொழும்பில் இருப்பவர்கள் பயப்படவேண்டியது தண்ணீருக்கு. அந்தத் தண்ணீரும் கடல் பக்கத்தால் வருவதில்லை, பின்பக்கத்தால், களனி ஆற்றோடு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் வீடு தெரிவு செய்வதிலிருந்து எச்சரிக்கையை வாசிப்பது வரை மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் நேரடி அடி. ஹரிக்கேன், டைபூன், நம்முடைய மிகக் கடும் சூறாவளி எல்லாம் ஒரே சாதிதான், கடலுக்கேற்பப் பெயர் மாறுகிறது. காற்று மணிக்கு 118 கிலோமீட்டரைத் தாண்டினால் ஹரிக்கேன் தரம். கொழும்பு இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 7 பாகை வடக்கே. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் ரேகைக்குக் கிட்ட மிகக் குறைவு. 5 பாகைக்குள் சூறாவளி உருவாவது அரிது. எங்கள் பக்கம் வருபவை பெரும்பாலும் வங்காள விரிகுடாவில் பிறந்து மேற்கு, வடமேற்காக நகர்பவை. அதனால் முதல் அடி கிழக்குக்கும் வடக்குக்கும் போகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் வடபகுதியைக் கடந்துதான் போனது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பு, 2000 டிசம்பரில் திருகோணமலை, 2020 டிசம்பரில் புரெவி மறுபடி திருகோணமலைக்கு வடக்கே. அப்படி ஒன்று நாட்டைக் குறுக்கே வெட்டிக் கொழும்புக்கு வரவேண்டுமென்றால் நடுவில் 2,500 மீட்டர் வரை எழும்பி நிற்கும் மலைநாட்டைக் கடக்கவேண்டும். அதற்குள் சுழல் உடைந்துவிடும். வரவே வராது என்று எழுதித் தரமாட்டேன். ஆனால் 78இல் அம்மா கண்ட காற்றைக் கொழும்பில் காணும் வாய்ப்பு மிகக் குறைவு.

கடல் பொங்கி ஊருக்குள் வருவதும் அப்படித்தான். கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் கிடக்கும் கரைகளில்தான் புயல் நீரை மலைபோல் தள்ளிக்கொண்டு வரும், வங்காளதேசத்தில் நடப்பதுபோல. கொழும்புக்கு வெளியே கடல் சீக்கிரம் ஆழமாகிவிடுகிறது, வற்றுப்பெருக்கும் ஒரு மீட்டருக்குள்தான். மே, ஜூன் மாதங்களில் அலை கல்லணையில் அடித்து மரைன் டிரைவில் தெறிப்பதையும், ரயில் பாதை ஓரத்தில் நுரை ஏறுவதையும் அம்மா பார்த்தால் திடுக்கிடுவா. அது தென்மேற்குப் பருவக் காற்றின் வழக்கமான வேலை. அந்தக் கடலால் உயிர் ஆபத்து கரையில் குடியிருப்பவனைவிட மீனவனுக்குத்தான் அதிகம்.

சரி, அப்படியானால் கொழும்பு ஏன் மூழ்குகிறது?

வட அரைக்கோளத்தில் சுழல் காற்று இடப்புறமாகச் சுற்றும். தாழமுக்கத்தின் மையம் நாட்டுக்கு வடக்கேயோ வடகிழக்கேயோ நின்றால், அதற்குத் தெற்கே உள்ள எங்களுக்கு அது மேற்கு, தென்மேற்குப் பக்கக் காற்றை இழுத்து விடும். இந்து சமுத்திரத்தின் ஈரமெல்லாம் அந்தக் காற்றோடு ஏறிவந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மோதி மேலே ஏற ஏறக் குளிர்ந்து கொட்டுகிறது. கொட்டும் இடம் எது? நோர்வூட், கித்துல்கல, தெரணியகலை, யட்டியாந்தோட்டை. களனி கங்கையின் தலைமாடு. அங்கே விழுவது 145 கிலோமீட்டர் ஓடி முகத்துவாரத்தில் கடலில் சேருகிறது. அவிசாவளை வரை மலை ஆறு, வேகமாக இறங்கும். ஹங்வெல்லையைத் தாண்டினால் தரை சப்பை. அங்கே வந்தவுடன் ஆறு ஓட மறந்து பரவத் தொடங்குகிறது. பரவுகிற இடத்துக்குப் பெயர்தான் கடுவெலை, மல்வானை, வெல்லம்பிட்டி, கொலன்னாவை.

ஆக, சுழலின் மையம் கொழும்புக்கு 300, 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே கொழும்புக்கு வெள்ளம் வரலாம். 2016 மேயில் நடந்ததைப் பாருங்கள். அந்தச் சூறாவளிக்கு ரோனு என்று பெயர் வைத்தது மே 19இல். வைக்கும்போது அது இந்தியக் கரைப் பக்கம் போய்விட்டது, கடைசியில் கரை ஏறியது வங்காளதேசத்தில். ஆனால் அரநாயக்கவில் மலை சரிந்து ஊரை மூடியது மே 17. கொலன்னாவையும் கடுவெலையும் அந்தக் கிழமையே தண்ணீருக்குள். அடுத்த வருடமும் அதே கதை. 2017 மே 25, 26இல் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மூழ்கி, நாடு முழுக்க 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சுழலுக்கு மோரா என்று பெயர் வந்தது 28இல். ஒக்கி சூறாவளியும் அப்படியே. 2017 நவம்பர் 29 இரவு கொழும்பில் காற்று மரங்களைப் புரட்டிப் போட்டது, பெயர் விடிந்த பிறகு வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இப்போது எல்லாரும் போனில் சூறாவளியின் பாதைப் படத்தைப் பார்த்து, "கோடு எங்கட பக்கம் இல்ல, பயமில்ல" என்று படுத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு மையம் போகும் வழியைத்தான் காட்டுகிறது. மழை எங்கே விழும் என்பதைக் காட்டுவதில்லை. பெயர் வைப்பதற்குக் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டவேண்டும். மழைக்கு அந்த நிபந்தனை கிடையாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பில் தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி என்று படி ஏறிப்போவது காற்றின் வேகத்தை வைத்துத்தான். கொழும்பில் இருப்பவர் வாசிக்கவேண்டியது கீழே உள்ள மற்ற வரி: மேல், சப்ரகமுவ, மத்திய மாகாணங்களில் எத்தனை மில்லிமீட்டர். சப்ரகமுவவில் 150, 200 என்று போட்டிருந்தால் அது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

டித்வா இதைக் கொடூரமாகக் காட்டிவிட்டுப் போனது. 2025 நவம்பர் 28இல் கரை ஏறியபோது காற்றுத் தரத்தில் அது சாதாரண சூறாவளிதான், கடும் சூறாவளி என்ற படியைக்கூடத் தொடவில்லை. ஆனால் மெதுவாக ஊர்ந்தது. ஊர்ந்தபடியே கொட்டியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பகுதி கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில். 2004 சுனாமிக்குப் பிறகு நாடு கண்ட மிகப் பெரிய இயற்கை அழிவு அது. கொழும்பிலே அந்த நாட்களில் பெரிய காற்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழை குறைந்து, கடைகள் திறந்து, சனம் மூச்சுவிட்ட நேரத்தில்தான் களனி ஏறத் தொடங்கியது. மலையில் விழுந்த தண்ணீர் கீழே வந்து சேர ஒரு நாள் போகும், சிலவேளை அதற்கு மேலும். வானம் வெளித்துவிட்டது என்று சாமான்களைக் கீழே இறக்கி வைத்தவர்கள் அந்த இரவு முழுக்க மறுபடி தூக்கினார்கள்.

அதனால் ஒரு பெயரைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: நாகலகம் வீதி. கிராண்ட்பாஸ் பக்கம் களனி ஆற்றில் உள்ள நீர்மட்ட அளவுகோல் அது. மற்ற இடங்களையெல்லாம் மீட்டரில் சொல்கிறவர்கள் இதை மட்டும் இன்னமும் அடியில் சொல்கிறார்கள், பழைய வழக்கம். 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி தாண்டினால் பெரு வெள்ளம். 2016இலும் தாண்டியது, டித்வாவிலும் தாண்டியது. நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இந்த அட்டவணையைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. அதில் நாகலகத்துக்கு மேலே ஹங்வெல்லை, அதற்கும் மேலே கிளென்கோர்ஸ் என்று வரிசையாக இருக்கும். நாகலகம் இப்போது என்ன என்பதைவிட ஹங்வெல்லை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் நாளைய செய்தி. கிளென்கோர்ஸ் இறங்கத் தொடங்கி, ஹங்வெல்லையும் இறங்கினால்தான் உச்சம் உங்களைக் கடக்கப் போகிறது என்று அர்த்தம். அட்டவணை தமிழில் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் எல்லாம் வருவதில்லை என்பது எங்களுக்குப் பழகிப்போன குறை. இடப்பெயரும் இலக்கமும்தானே, எந்த மொழியில் இருந்தாலும் வாசிக்கலாம்.

இனி நகரத்துக்குள் விழும் மழை. இது வேறு கணக்கு. ஆறு நிரம்பாமலே கொழும்பு மூழ்கியிருக்கிறது. 1992 ஜூன் 4இல் ஒரே நாளில் 490 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பர் 10 இரவு தொடங்கி விடியும்வரை 440 அளவில். பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போனது அப்போதுதான். 440 மில்லிமீட்டர் என்பது என்னவென்று தெரிய, 10 பேர்ச் (ஏறத்தாழ 250 சதுர மீட்டர்) காணி ஒன்றை எடுங்கள். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் 1,10,000 லீட்டர் விழுந்திருக்கிறது. மாடியில் வைக்கிற 1,000 லீட்டர் கறுப்புத் தாங்கி 110. அது போவதற்கு வழி வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், முகத்துவாரப் பக்கம் என்று கடலுக்கு ஒரு சில வாய்கள்தான், மற்றது களனிக்குள். கால்வாய் வாயில் மணல் திட்டுக் கட்டினால் ஒரு வழி அடைபடும். களனி உயர்ந்து நின்றால் ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்குள் திரும்பாமல் இருக்க மதகைப் பூட்டுவார்கள், அத்தோடு உள்ளே விழுந்த மழைக்கும் அந்த வழி இல்லை. பம்ப் வைத்து இறைக்கவேண்டும், இல்லையென்றால் சதுப்பு நிலத்தில் தேங்கி நிற்கவேண்டும்.

சதுப்பு என்றால் நம்மவர்களுக்கு நுளம்பும் நாற்றமும்தான் ஞாபகம் வரும், மண் போட்டு நிரப்பினால் காணி விலை ஏறும் என்ற கணக்கும் வரும். உண்மையில் பத்தரமுல்லை, கோட்டே, கொலன்னாவைப் பக்கம் கிடக்கும் அந்தச் சேற்று நிலங்கள்தான் கொழும்பின் வெள்ளத் தாங்கி. 2018இல் கொழும்புக்கு ரம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது இவற்றால்தான். உலக வங்கிக் கடனில் கால்வாய்களை அகலப்படுத்தி, பெத்தகானையில் பூங்கா அமைத்து, முகத்துவாரத்துக்குச் சுரங்க வழி தோண்டி நிறைய வேலை செய்தார்கள். அதனால் முன்னர் ஒரு மணித்தியால மழைக்கே முழங்கால் தண்ணீர் நின்ற சில சந்திகளில் இப்போது நிற்பதில்லை. ஆனால் ஒரு கையால் கால்வாய் வெட்டிக்கொண்டே மறு கையால் வயலை நிரப்பிக் கட்டடம் எழுப்புகிற ஊர் இது. புதிதாக நிரப்பிய காணியில் வீடு கட்டியவர் தப்பிவிடுவார், பக்கத்துப் பழைய வீட்டுக்காரர் வீட்டுக்குள் தண்ணீர் போகும். வாடகைக்கு வீடு தேடும்போது இதையும் பார்க்கவேண்டும். சுற்றியுள்ள மதில்களும் தரைகளும் உங்கள் வாசலைவிட உயரமா?

இப்போது உங்கள் மூன்று வீடு.

கொலன்னாவை வாடகை ஏன் மலிவு என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். களனியின் தென்கரையில் ஆங்கிலேயர் காலத்து வெள்ள அணை இருக்கிறது, நகரத்தின் நடுப்பகுதியைக் காக்கிறது. ஆனால் அந்தக் காவல் எல்லா இடத்துக்கும் ஒரேமாதிரி இல்லை. வெல்லம்பிட்டி, சேதவத்தை, கொலன்னாவையின் பள்ளப் பகுதிகளில் 2016இல் மேல் மாடியிலிருந்து சனத்தைப் படகில் இறக்கினார்கள். கொலன்னாவை முழுவதும் பள்ளம் என்று சொல்லவில்லை, மேட்டு ஒழுங்கைகளும் உண்டு. வீட்டைப் பார்க்கப் போகும்போது தரகர் காட்டும் மாபிள் தரையைப் பார்க்காதீர்கள். பிளக் பொயின்ட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் அனுபவப்பட்ட வீடுகளில் அதைத் தோள் உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டி சீமெந்துக் கட்டின் மேல் நிற்கும். வாசற்படியில் குறுக்காக ஒரு அடிச் சுவர் கட்டி, அதைத் தாண்டித்தான் உள்ளே கால் வைக்கவேண்டியிருக்கும். மதிலில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் பின்பக்கச் சுவரைப் போய்ப் பாருங்கள், அங்கே மண்ணிறக் கோடு அழியாமல் இருக்கும். ஒழுங்கை முனையில் உள்ள கடைக்காரரிடமோ ஓட்டோக்காரரிடமோ, "2016இல தண்ணி எங்க வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். "வந்ததா?" என்று கேட்கவேண்டாம், இல்லை என்று சொல்லிவிடுவார்கள். எங்க வரைக்கும் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

வத்தளை இரண்டும் கலந்தது. ஆற்றுக்கு வடகரை, ஒரு பக்கம் களனி, இன்னொரு பக்கம் களு ஓயா, மேலே முத்துராஜவெலைச் சதுப்பு. நீர்கொழும்பு வீதியை ஒட்டிய மேட்டில் இருந்தால் பரவாயில்லை. மாபோலைப் பக்கம் ஓயாவை அண்டிய பள்ளம் என்றால் வேண்டாம். தனி வீடு, மேலே ஒரு மாடி இருக்கிறது என்றால் அது பெரிய ஆறுதல், அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஒரு மாடியும் இல்லாமல் அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட தனி வீடு என்றால் நான் எடுக்கமாட்டேன். மினி சூறாவளி என்று செய்தியில் சொல்வார்களே, பத்து நிமிடம் சுழன்றுவிட்டுப் போகிற காற்று, அது சீற்றைத்தான் முதலில் கழற்றும்.

வெள்ளவத்தை மூன்றிலும் பாதுகாப்பு, ஆனால் அதற்குள்ளும் பிரிவினை உண்டு. காலி வீதி கொஞ்சம் முதுகு மாதிரி உயர்ந்த இடம். கடல் பக்க ஒழுங்கைகள் கடலை நோக்கிச் சரிகின்றன, தண்ணீர் நிற்காது. உப்புக் காற்றில் இரும்பு கம்பியெல்லாம் துருப்பிடிப்பதுதான் தொல்லை. உட்பக்கம் போகப் போக, பாமன்கடை நோக்கியும், பம்பலப்பிட்டியிலிருந்து வரும்போது பாலத்துக்குக் கீழே ஓடுகிற கால்வாயை அண்டியும் பள்ளம். வெள்ளவத்தை முகவரி என்பதற்காக ஏமாறவேண்டாம். மேட்டு நிலம்தான் வேண்டுமென்றால், கோவிலும் பள்ளிக்கூடமும் கிட்ட இருக்கிற கொட்டாஞ்சேனையையும் யோசிக்கலாம்.

பிளாட்டில் வேறொரு விஷயம் உண்டு. வெள்ளம் மூன்றாம் மாடிக்கு ஏறாது. ஆனால் கட்டடத்தின் உயிர் நிலத்துக்குக் கீழே இருக்கும். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், ஜெனரேற்றர், மின்சாரப் பலகை, வாகனத் தரிப்பிடம் எல்லாம் அடித்தளத்தில் வைத்துக் கட்டிய மாடிகள் நிறைய. அடித்தளத்துக்குள் இரண்டு அடி தண்ணீர் போனால் லிப்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. முழங்கால் வருத்தக்கார அம்மாவோடு எட்டாம் மாடியில் மூன்று நாள் என்பது சின்ன விஷயமில்லை. ஜெனரேற்றர் எங்கே இருக்கிறது என்று முகாமையாளரைக் கேளுங்கள். இரண்டாம் மூன்றாம் மாடி கிடைத்தால் அதை எடுங்கள், கடல் காட்சிக்கு மரைன் டிரைவில் நடந்துகொள்ளலாம்.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். கொழும்பில் காற்றால் சாவு வருவது பெரும்பாலும் மரத்தால்தான். 2023 ஒக்டோபர் 6 காலை கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில் பெருமரமொன்று பஸ்ஸின் மேல் சரிந்து 5 பேர் இறந்தார்கள். சூறாவளி எதுவும் இல்லாத சாதாரண மழை நாள் அது. வீதியோரத்துப் பழைய மரங்கள் அழகுதான், ஆனால் தார் வீதியும் நடைபாதையும் போட்டு வேரை வெட்டி நெருக்கியிருக்கிறார்கள். நாள் கணக்கில் மழை பெய்து மண் ஊறியபின் காற்று வந்தால் அவற்றின் கீழே நிறுத்திய வாகனத்துக்கும் ஆளுக்கும் உத்தரவாதம் இல்லை. மழை நாளில் வேலைக்குப் போகும் வழியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பல்கனிப் பூச்சட்டிகளை உள்ளே எடுப்பதும் அதே கணக்கு, எட்டாம் மாடியிலிருந்து விழும் சட்டி கீழே போகிறவருக்குக் குண்டு.

எப்போது கவனமாக இருப்பது? மே மாதம் ஒரு காலம், ஒக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை இன்னொரு காலம். மட்டக்களப்பில் உங்களுக்கு மாரி என்றால் கார்த்திகை, மார்கழிதான். இங்கே மே மாதத்தை மறக்கக்கூடாது.

ஆயத்தம் என்று பெரிய பட்டியல் போடப் போவதில்லை. தண்ணீர்தான் முதல். கொழும்பின் குழாய்நீரில் பெரும்பங்கு அம்பத்தலை நிலையத்திலிருந்து வருகிறது, அது எடுப்பது களனியிலிருந்து, இருப்பதும் ஆற்றங்கரையில். டித்வாவில் அந்த நிலையத்துக்குள் வெள்ளம் போகாமல் காக்கப் பெரும் பாடுபட்டார்கள். அது நின்றால் மேட்டில் இருப்பவருக்கும் குழாய் நிற்கும். ஆகவே ஹங்வெல்லை ஏறுகிறது என்றவுடன் குடிக்கத் தனியாக, கழிவறைக்குத் தனியாகப் பிடித்து வையுங்கள். காஸ் சிலிண்டர் ஒன்று மேலதிகமாக, அம்மாவின் மருந்து இரண்டு கிழமைக்கு, டோர்ச், போனுக்குப் பவர் பாங்க். அடையாள அட்டை, உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில். உணவுக்கு அரிசி, பருப்பு, டின்மீன் இருந்தால் போதும். மலைநாட்டு வீதிகள் அடைபட்டால் கரட்டும் போஞ்சியும் விலை கேட்க முடியாத அளவுக்குப் போகும், அதற்காகப் பதற்றப்பட்டுச் சந்தைக்கு ஓடவேண்டியதில்லை. வாகனத்தை முதல் நாளே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, இஞ்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பில் அது முடிந்துவிடும். காப்புறுதியில் இயற்கை அனர்த்தம் என்ற வரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா ஒப்பந்தத்திலும் அது இருப்பதில்லை.

தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டால் மெயின் சுவிட்சை நிறுத்துவது முதல் வேலை. கால் நனைந்தபின் அதைத் தொடக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்பியுலன்ஸ் 1990. கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் வந்து குடியேறிய கிழமையே வாங்கி வையுங்கள். நிவாரணம், நட்டஈடு எதுவானாலும் அவரிடமிருந்துதான் தொடங்கும். வாடகைக்கு இருப்பவர் அவரிடம் பதியாமல் இருந்தால் பட்டியலில் பெயர் இராது.

வெள்ளம் வடிந்த பிறகு வருவதை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. வீடு கழுவும்போது காலில் சின்னப் புண் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் வரலாம். சப்பாத்துப் போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் கண்டால் வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிறகு டெங்கு. 2017 மே வெள்ளம் போன கையோடு வந்ததுதான் இந்த நாடு கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவல், அந்த வருடம் மட்டும் 1,86,000க்கு மேற்பட்ட நோயாளர்கள். வெள்ளம் மட்டும் காரணமில்லை, அதற்கு முன்னரே ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் குவிந்து கிடந்த குப்பையும் தேங்கிய தண்ணீரும் அதற்கு வசதி செய்து கொடுத்தன.

இனி வருவது இன்னும் மோசமாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சூறாவளியின் எண்ணிக்கை கூடுமா குறையுமா என்பதை விட்டுவிடுங்கள், உங்களுக்கு அது முக்கியமில்லை. காற்று ஒரு பாகை சூடானால் 7 வீதம் அளவுக்கு அதிக நீராவியைச் சுமக்கும். அதே தாழமுக்கம் நாளைக்கு வந்தால் இன்றைக்கு விட அதிகமாகக் கொட்டும். 2016இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் இரண்டு அடி விட்டுத்தான் நான் வீடு பார்ப்பேன்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமானால், அவவின் மட்டக்களப்பு வீட்டுக்குத் தேவைப்பட்டது பலமான கூரை, கொழும்பில் தேவை உயரமான தரை என்று சொல்லுங்கள். கூரையைக் கட்டிவைக்கக் கயிறு கொண்டுவர வேண்டியதில்லை.

மூன்றில் வெள்ளவத்தைதான் என் தெரிவு, காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருந்தால். வாடகை கட்டுப்படியாகாது, வத்தளைதான் என்றால் முற்பணம் கொடுக்க முன் ஒரு தரம் நல்ல மழை பெய்து முடிந்த பின்னேரம் போய் அந்த ஒழுங்கையில் நடந்து பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று. ஒப்பந்தத்தில், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் ஒரு மாத அறிவித்தலோடு முற்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியேறலாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டால் எடுங்கள். அந்த வரி எதற்கு என்று இழுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.